பதினைந்து எழுத்து

கம்பெனிப் பையனின் டை
கடை மின்விசிறியில் சிக்காதது அதிசயம்.
"இனிமே லைன் இன்டர்நெட்டுல போகுதுக்கா" என்றான்,
பழைய செப்புக் கம்பியைச் சுருட்டி வேனில் எறிந்தபடி.
புது ஃபோனில் ஒரு சின்ன ஜன்னல்.
அழைப்பவர் பெயர் அதில் தெரியுமாம்.
நாம் அழைத்தால் நம் பெயர் போகுமாம்.

அதற்கொரு பாரம். வியாபாரப் பெயர்,
இங்கிலீஷில், இடைவெளி உட்பட பதினைந்து எழுத்து.
சின்னபெருமாள் அண்ட் சன்ஸ்,
முப்பத்தெட்டு வருடப் பலகையில் உள்ளபடி நிரப்பினேன்.
அப்பாவுக்கே பன்னிரண்டு கட்டம் போனது.
ஓர் இடைவெளி, ஓர் அண்ட் குறி, இன்னோர் இடைவெளி.
கட்டம் தீர்ந்தது.
சன்ஸுக்கு இடமில்லை.

ஒரு சன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார்.
இன்னொரு சன் சிரம்பானில், மாமியார் வீட்டில்.
கல்லா, கணக்கு, உரமூட்டை, ஷட்டர் பூட்டு
எல்லாம் யோகேஸ்வரி.
கையெழுத்தைப் போட்டேன்.
அண்டுக்குப் பிறகு வெறும் வெள்ளை.

பழைய எண்ணுக்கு ஊர் இருந்தது.
சுழியம் ஏழு என்றாலே ஜொகூர்,
அடுத்த மூன்றைக் கேட்டால்
லாபிஸ் என்று சிறுபிள்ளையும் சொல்லும்.
புதியது சுழியம் ஒன்று ஐந்து நான்கு,
எந்தக் கம்பத்திலும் கட்டிப்போடாத எண்.
பேங்கு, போலீஸ், பார்சல் என்று சொல்லிப்
பணம் பிடுங்குகிறவர்களும்
இந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்களாம்.
முதல் வாரம் யாரும் எடுக்கவில்லை.
எடுத்த ஒரே ஆள் கிராணி டோமினிக்.
உரம் வந்திருக்கிறது என்று ஆரம்பிப்பதற்குள்
"என் பேர்ல பார்சல் எதுவும் இல்ல" என்று வைத்துவிட்டார்.

இரண்டாம் வாரம் பெயர் போகத் தொடங்கியது.
டோமினிக் எடுத்தார்.
பாக்கி வைத்தவர்கள்
அப்போதுதான் எடுக்காமல் விட்டார்கள்.

வருகிற பெயரை நான் நம்புவதில்லை.
போன செவ்வாய் ஜன்னலில் பேங்கின் பெயர்,
பதினைந்துக்குள் பிசிறில்லாமல் அடங்கி.
கீழே எண்ணைப் பார்த்தேன், ஓர் இலக்கம் கூட.
"லாபிஸ் கிளையிலிருந்து பேசுறோம், ரகசிய எண் சொல்லுங்க."
"சொல்றேன். அங்க மழை எப்படி?"
"மழையா? நல்ல வெயில் மேடம்."
பேங்கு எங்களிடமிருந்து நாலாவது கடை.
எங்கள் தகரத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது.

நேற்று வந்தது அமெரிக்கா.
கூட்டல் குறி, ஒன்று, பிறகு பத்து இலக்கம்,
அடியில் டெக்சாஸ்.
துண்டிக்கத்தான் விரலை வைத்தேன்.
டெக்சாஸில் ஒரு சேவல் கூவியது.
செம்பனைக் குலை லோரியில் விழும் தொப்பென்ற சத்தம்.
"காக்கா, எக்ரெக் அடா?"

அக்காவுக்கு மலாயில் காக்காக்.
கடைசி எழுத்தை விழுங்கி
என்னைப் பறவையாக்குகிற ஒரே ஆள்
மூன்றாம் டிவிஷன் ஷொஃபிக்குல்.
சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்.
பாஸ்போர்ட் மேனேஜர் அலமாரியில்.
ஆபீஸ் வைஃபை எட்டுகிற தண்ணீர்த் தொட்டி அடியில் நின்று
இலவச எண் ஒன்று வாங்கியிருக்கிறான்.
எந்த ஊர் வேண்டும் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

555 நோட்டில் எழுதினேன்:
டெக்சாஸ். எக்ரெக் கத்தி ஒன்று.
பாக்கி இருபத்திரண்டு வெள்ளி.

சாயங்காலம் கத்தி வந்ததைச் சொல்ல
நானே அமெரிக்காவுக்கு அடித்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
தன் ஜன்னலை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்:
"சின்னா... பெருமால்... அண்ட்..."
நின்றான்.
"அண்ட், லெப்பாஸ் இத்து ஸியாப்பா?"
அதற்கப்புறம் யார்?

"காக்கா" என்றேன்.